கன்றுக்குட்டி மார்க் சீஸ் உருண்டை

சந்திரம்மாள் சீஸ் தின்றதே இல்லை. கிரிவலப் பாதைக் கடைகளில் கொக்கிக்குக் கொக்கி தொங்கிக்கொண்டிருந்த கன்றுக்குட்டி மார்க் சீஸ் உருண்டை அத்தனையையும் அடி அண்ணாமலையில் உட்கார்ந்து பொரித்து அனுப்பியவள் அவள்தான். அந்த மஞ்சள் தூள் அவள் தலைமயிரில் ஏறினால் சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் முழுசாகப் போகாது. ஆனால் சீஸ் என்பது கட்டியா கூழா, அதை எந்தச் சட்டியில் வைத்துக் காய்ச்சுகிறார்கள் என்று யாராவது கேட்டிருந்தால் அவள் முழித்திருப்பாள்.

இத்தனைக்கும் அவள் கேள்வி கேட்கத் தெரியாதவள் இல்லை. பிறந்தது கீழ்பென்னாத்தூர்ப் பக்கம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிரிடுகிற சகாதேவன் வீட்டில். சகாதேவனின் சித்தப்பா மகனுக்கு வாழ்க்கைப்பட்டவள் அடி அண்ணாமலை அப்பாசாமியின் அக்காள். அந்த வழியில்தான் அப்பாசாமியின் மூத்த மகன் பலராமனுக்குச் சந்திரம்மாளைக் கேட்டு வந்தார்கள். தாலி கட்டி முடிந்து மாலை மாற்றுகிற நேரத்தில் அவள் ஐயரைப் பார்த்து, "இப்ப சொன்னீங்களே சாமி, அதுக்கு இன்னா அர்த்தம்?" என்று கேட்டுவிட்டாள். பெண் வீட்டார் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்பாசாமி மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். "கேக்கட்டும் விடுங்க, கல்யாணம் அவளுக்குத்தான ஆவுது" என்றார்.

அப்பாசாமி பொரி வறுக்கிறவர். கார்த்திகை தீபம் வந்தால் திருவண்ணாமலையில் பொரி இல்லாத வீடு ஏது? அந்த மாதம் முழுக்க அடுப்பு அணையாது. தீபம் முடிந்து கூட்டம் கலைந்தால், அப்புறம் வறுத்த மணல் ஆறிக் கிடக்கும். மற்ற மாதங்களில் என்ன செய்வது என்று யோசித்து யோசித்து, மக்காச்சோள ரவையைப் போட்டால் உப்பிக்கொண்டு வெளியே வருகிற மிஷின் ஒன்று சென்னையில் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டுப் பலராமனைக் கூட்டிக்கொண்டு போனார்.

மிஷினுக்காரர் மூன்று டப்பாக்களைத் திறந்து காட்டினாராம். ஒன்று மசாலா, ஒன்று தக்காளி. மூன்றாவதைத் திறந்ததும் பலராமன் மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்விட்டார். அப்பாசாமி குனிந்து முகர்ந்தார், நிமிர்ந்தார், மறுபடியும் குனிந்தார்.

"டேய் பலராமா, வெண்ணெய் காய்ச்சுன சட்டியில அடியில நிக்குமே கசண்டு, அந்த வாசனைடா இது."

"இது சீஸுங்க பெரியவரே" என்றார் மிஷினுக்காரர்.

"பேரு எதுவா வேணா இருக்கட்டும்" என்றார் அப்பாசாமி. "நாங்க அஞ்சு பிள்ளைங்க அந்தக் கசண்டுக்கு அடிச்சுக்கினு வளந்தவங்க."

அப்படித்தான் சீஸ் அந்த வீட்டுக்குள் வந்தது. பொட்டலத்தில் என்ன படம் போடுவது என்று அச்சுக்கடைக்காரர் கேட்டபோது, அந்த வாரம்தான் வீட்டுப் பசு கன்று போட்டிருந்தது, கன்றுக்குட்டியையே போடச் சொல்லிவிட்டார். சுருட்டை மயிரும் பெரிய கண்ணுமாக ஒரு கன்றுக்குட்டி நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். கீழே சிவப்பில் எழுத்து.

முதலில் யாரும் தொடவில்லை. பிறகு மலை சுற்றுகிற ஜனத்துக்கு ஒரு விஷயம் தெரிந்துபோனது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடக்கிறவர்கள் பாதி வழியில் படுகிற பாடு தெரியும்தானே? "கால் வலிக்குது, தூக்கு" என்று அழுகிற பிள்ளைக்கு ஒரு பொட்டலம் கன்றுக்குட்டி மார்க் வாங்கிக் கொடுத்தால் அது விரலை நக்கிக்கொண்டே அடுத்த லிங்கம் வரைக்கும் நடந்துவிடும். அங்கே போனால் அடுத்த பொட்டலம். எட்டு லிங்கமும் முடிவதற்குள் பிள்ளையின் வாயும் மூக்கும் மஞ்சளாகிவிடும். சரக்கு அப்படித்தான் பரவியது. யாரும் விளம்பரம் செய்யவில்லை.

அப்பாசாமிக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் பலராமன். இளையவன் வேணு, கீழ்பென்னாத்தூரில் வினோதினியைக் கட்டிக்கொண்டு மாமியார் ஊரிலேயே நிலம் பார்த்துக்கொண்டு தங்கிவிட்டான். பாகம் பிரிக்கிற நாள் வந்தபோது ஊர்ப் பெரியவர்கள் மிஷினுக்கு ஒரு மதிப்புப் போட்டு, ஒருவர் எடுத்துக்கொண்டு மற்றவருக்குப் பணமாகக் கொடுத்துவிடட்டும் என்றார்கள். அப்பாசாமி ஒத்துக்கொள்ளவில்லை.

"மிஷினு பெரியவன் வூட்ல இருக்கட்டும். தூளு சின்னவன் வூட்ல, தகரத்துல அடைச்சு வரட்டும். தூள் இல்லாம மிஷினு ஓடக் கூடாது, மிஷினு இல்லாம தூள் விக்கக் கூடாது. தகரத்துல இன்னா இருக்குதுன்னு இவங்க கேக்கக் கூடாது. மிஷினு எப்டி ஓடுதுன்னு அவங்க கேக்கக் கூடாது. கேட்டுத் தெரிஞ்சுக்கின அன்னிக்கே ரெண்டு பேரும் தனித்தனியா பொழைக்கப் போயிடுவீங்க. அப்பறம் என் சாவுக்குத்தான் ஒண்ணா வருவீங்க."

அன்றிலிருந்து அதுதான் முறை. கீழ்பென்னாத்தூரில் தூளை அடைத்த தகர டின்கள் காலை பஸ்ஸில் வரும். காலி டின்கள் மத்தியான பஸ்ஸில் திரும்பும். மக்காச்சோளம் பொரிந்து விழுந்ததும் சந்திரம்மாள் அதை உருளும் பீப்பாயில் போட்டு, எண்ணெய் தெளித்து, டின்னைக் கவிழ்ப்பாள். ஓரகத்தி வினோதினி டின்னுக்குள் என்ன போட்டாள் என்று அவள் கேட்டதில்லை. கேட்காமல் இருந்தது அவள் வாழ்க்கையிலேயே அந்த ஒன்றைத்தான். கொரோனா வந்து போனதற்குப் பிறகு ஒருநாள் டின்னைத் திறந்தபோது வாசனை முன்பு மாதிரி இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. முன்பைவிட நன்றாக இருந்தது. அம்மா வீட்டு அடுக்களையில் நிற்கிற மாதிரி இருந்தது. பலராமனிடம் சொன்னாள். "நைனா சொன்ன பேச்ச மறந்துட்டியாமே?" என்று அவர் வாயை அடைத்துவிட்டார். அதற்கு அடுத்த வருஷம் அப்பாசாமியும் கண்ணை மூடிவிட்டார்.

இந்த வருஷம் சித்ரா பௌர்ணமி நெருங்குகிற சமயம். பாதையில் கடை வைத்திருக்கிற ராஜா தோளில் ஒரு மூட்டையோடு வந்து நின்றான்.

"இன்னா ராஜா, மூட்டையோட வந்துட்ட?"

"உங்க சரக்குதான்க்கா. திருப்பிக் குடுக்கலாம்னு."

"எலி கடிச்சுடுச்சா?"

"எலி கடிச்சிருந்தா பரவால்லக்கா. போன் கடிச்சுடுச்சு."

போனை எடுத்துக் காட்டினான். ஒரு மனிதர் மஞ்சள் கட்டி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினார். சீஸ் என்பது பாலை உறைய வைத்துச் செய்வதாம். உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்ததைப் போடுகிறார்களாம். அந்த வீடியோவுக்கு அடியில் எந்தப் புண்ணியவானோ கன்றுக்குட்டி மார்க் பொட்டலத்தின் படத்தையும் ஒட்டி அனுப்பியிருந்தான்.

"நேத்து ஒரு அம்மா, கன்னுக்குட்டி படத்தயும் போட்டு கன்னுக்குட்டி வயித்தயும் விக்கிறீங்களான்னு பொட்டலத்த என் மூஞ்சி மேலயே போட்டுட்டுப் போனாங்க. மலை சுத்த வர்றவங்கக்கா. அன்னிக்கு முட்டை கூட தொடமாட்டாங்க."

"பச்சைப் புள்ளி போட்டிருக்கே, பாக்கலியா அந்தம்மா?"

"அச்சுக்கடையில எவன் கேட்டாலும் பச்சைப் புள்ளி போட்டுத் தருவான்னு அந்தம்மாவே சொல்றாங்க." ராஜா மூட்டையை இறக்கி வைத்தான். "பாதைக் கடைக்காரங்க எல்லாரும் பேசிக்கினோம்க்கா. பௌர்ணமிக்கு முன்னாடி நீங்க மாரியம்மன் கோயில் வாசல்ல கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணிடுங்க. அப்பறம் எவன் கேட்டாலும் நாங்க பதில் சொல்லிக்கறோம். இல்லன்னா கொக்கியில வேற சரக்கு மாட்டிடுவோம். ஒருவாட்டி மாட்டிட்டா எறக்கறது கஷ்டம். உங்களுக்கே தெரியும்."

கற்பூரம் அணைப்பது என்றால், கோயில் வாசலில் கட்டிக் கற்பூரத்தை ஏற்றி, சொல்ல வேண்டியதை ஊர் கேட்கச் சொல்லி, எரிகிற கற்பூரத்தை வெறும் உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய்யென்றால் கை சுடுவதோடு போகாது, குடும்பத்தைச் சுடும் என்பது நம்பிக்கை. வரப்புத் தகராறில் அப்படி அணைத்த ஒருவரின் வீடு இன்றைக்கும் பூட்டிக் கிடக்கிறது. ஊரில் யாரும் அவர் பெயரைச் சொல்லமாட்டார்கள், "அந்த வூட்டுக்காரர்" என்பார்கள்.

ராஜா போனதும் பலராமன் சொன்னார்: "போய் அணைச்சுட்டு வாமே. இதுக்குப் போயி மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு."

"தகரத்துல இன்னா இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"சீஸு."

"சீஸுன்னா?"

"மஞ்சளா இருக்கும்."

"அப்ப நீங்களே போய் அணைச்சுட்டு வாங்க."

பலராமன் வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்தார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

அவர்களுடைய மகள் தென்றல் ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு காபிக் கடையில் வேலை செய்கிறாள். வெளிநாட்டுக்காரர்கள் வருகிற கடை. சாயங்காலம் அவள் வந்ததும் சந்திரம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"அந்த போன்காரன் சொல்றது நெசமா?"

"பாதி நெசம்மா. பால ஒறைய வெக்க நாம மோர் ஊத்தறோம் இல்ல, அந்த மாதிரி அவங்களுக்கு ஒண்ணு வேணும். சில ஊர்ல கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கறாங்க. சில எடத்துல அது இல்லாமலே வேற ஒண்ணு போடறாங்க. எங்க கடைக்கு வர்றது வேறதான். டப்பா மேலயே போட்டிருக்கும்."

"நம்ம தகரத்துல வர்றது?"

"தகரத்து மேல ஒண்ணும் எழுதலியேம்மா. சித்தியத்தான் கேக்கணும்."

சந்திரம்மாள் காலி டின் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "யாரு மொதல்ல கண்டுபிடிச்சிருப்பாங்க?" என்றாள்.

"எத?"

"கன்னு வயித்துல இருக்கறது பால ஒறைய வெக்கும்னு. அத எப்டி ஒருத்தருக்குத் தோணும்?"

"அம்மா, கொக்கியிலேர்ந்து நம்ம சரக்க எறக்கறாங்க. நீ இத யோசிக்கிற."

"ரெண்டயும்தான் யோசிக்கிறேன்" என்றாள் சந்திரம்மாள்.

தெரியாததைத் தெரியும் என்று சொல்லிக் கற்பூரத்தில் கை வைக்க அவளால் முடியாது. கை வைக்காவிட்டால் பாதையில் கன்றுக்குட்டி மார்க் கிடையாது. தெரிந்துகொள்ளலாம் என்றால், கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்க வேண்டும். மறுநாள் காலி டின் ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். கண்டக்டருக்குச் சிரிப்பு வந்தது. "இன்னாம்மா, தகரம் தனியா வரும், இன்னிக்கு ஆளும் சேந்து வருது?" என்றார்.

வினோதினி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வேணு நிலத்துக்குப் போயிருந்தான்.

"வாங்கக்கா. தகரத்த பஸ்லயே போட்டிருக்கலாமே, இந்த வெயில்ல தூக்கிக்கினு வந்திருக்கீங்க."

"உன்னப் பாத்து நாளாச்சுன்னு வந்தேன்."

"போன மாசம் காதுகுத்துல பாத்தீங்களே. பக்கத்துலதான உக்காந்து தின்னோம்."

சந்திரம்மாள் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். மாடுகளைப் பற்றிக் கேட்டாள், வேணுவின் முதுகு வலியைப் பற்றிக் கேட்டாள். அப்புறம் கேட்பதற்கு வேறு ஒன்றும் இல்லை.

"வினோ, ஒண்ணு கேப்பேன். கோச்சுக்கக் கூடாது."

"கோச்சுக்கற மாதிரி இருந்தா கோச்சுக்குவேன்."

"தகரத்துல இன்னா இருக்குது?"

வினோதினி செம்பை வாங்கி மெதுவாகக் கீழே வைத்தாள். "இத்தினி வருஷம் கேக்கல. இப்ப கேக்கறீங்க. தனியா பண்ணப் போறீங்களா?"

"ஐயோ, நான் இன்னாத்த தனியா பண்ணப் போறேன்? கற்பூரம் அணைக்கச் சொல்றாங்கடி என்ன." எல்லாவற்றையும் சொன்னாள். ராஜாவின் மூட்டை, அந்த அம்மா எறிந்த பொட்டலம், மாரியம்மன் வாசல்.

வினோதினி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து மாடிப்படியில் ஏறினாள். சந்திரம்மாளும் பின்னாலேயே போனாள். மொட்டை மாடி முழுக்க வெள்ளை வேட்டிகள் விரித்து, அதன்மேல் உதிரி உதிரியாக ஏதோ காய்ந்துகொண்டிருந்தது. மூலையில் ஒரு பெரிய சட்டி. அதன் அடியில் கருஞ்சிவப்பாக ஒட்டியிருந்ததைப் பார்த்ததுமே சந்திரம்மாளுக்கு வாயில் எச்சில் ஊறியது. வேட்டியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள்.

"இது தயிருடி!"

"ஆமாம்."

"சட்டியில இருக்கறது நெய்க் கசண்டு."

"ஆமாம்."

"சீஸு எங்க?"

"எங்கயும் இல்லக்கா."

கொரோனாவில் எல்லாம் மூடியபோது சென்னையிலிருந்து தூள் வரவில்லை. பால் எடுக்கிறவர்களும் கம்மியாகத்தான் எடுத்தார்கள். தெருவில் மாடு வைத்திருந்த ஒவ்வொரு வீட்டிலும் தயிர் புளித்துக் கிடந்தது. அப்பாசாமி அப்போது சின்ன மகன் வீட்டில்தான் மாட்டிக்கொண்டிருந்தார். "எனக்கு அந்தக் கசண்டு வாசனை வந்தா போதும், கொண்டா" என்று மருமகளோடு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, உதிர்த்துக் காய வைத்து, கசண்டோடு வறுத்து, உப்பும் மஞ்சளும் கொஞ்சம் மிளகாயும் சேர்த்து அரைத்தார்கள். முதலில் கசந்தது. பிறகு புளித்தது. பிறகு ஒரு நாள் அவர் கிண்ணத்தை முகர்ந்துவிட்டு, "இதாம்மா சீஸு" என்றார். லாரி ஓட ஆரம்பித்துச் சென்னைத் தூள் மறுபடியும் வந்தது. அதை வாயில் போட்டுப் பார்த்தவர், "இது கசண்டு மாதிரி நடிக்குது" என்று ஒதுக்கிவிட்டார்.

"அக்காகிட்ட சொல்லிடட்டுமா மாமான்னு கேட்டேன்" என்றாள் வினோதினி. "'நீயா சொல்லாத. அவ கேப்பா, அப்ப சொல்லு. கல்யாணத்துல ஐயரையே கேட்டவ, தகரத்த கேக்காம இருப்பாளா'ன்னாரு. நானும் ஒவ்வொரு வாட்டி தகரம் அனுப்பும்போதும் இன்னிக்குக் கேப்பீங்க, இன்னிக்குக் கேப்பீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்."

சந்திரம்மாளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கேட்கக் கூடாது என்று சொன்ன மனிதர், கேட்பாள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவள்தான் சொன்ன பேச்சைக் கேட்டு ஏமாந்துபோனாள்.

"அப்பாடா" என்றாள். "கன்னுக்குட்டி வயிறும் இல்ல, ஒண்ணும் இல்ல. தைரியமா அணைப்பேன்." சொல்லி முடிப்பதற்குள் முகம் மாறியது. "ஆனா பொட்டலத்துல சீஸுன்னு இருக்குதே வினோ."

"அத ஏன் இப்ப எடுக்கறீங்க? மாமிசம் இல்லன்னு மட்டும் சொல்லுங்க. அது பொய் இல்லியே."

"கற்பூரம் எரியறப்ப எவனாவது, சீஸு எங்கேர்ந்து வருதுன்னு கேட்டா?"

"மெட்ராஸ்னு சொல்லுங்க."

"அதான் பொய்யாச்சே."

"அப்ப இத ஊரக் கூட்டி சொல்லிடுவீங்களா?" வினோதினியின் குரல் உயர்ந்தது. "உங்ககிட்ட மிஷினு இருக்குதுக்கா. நாளைக்கு எந்தத் தூளப் போட்டாலும் அது ஓடும். என்கிட்ட இன்னா இருக்குது? இந்த வேட்டியும் இந்தச் சட்டியும்தான். நீங்க வாயத் தொறந்தா பாதையில நாலு பேரு தயிர் காயப் போடுவான். எங்க பாகம் காத்தோட போயிடும்."

வினோதினி சொன்னதும் நியாயம்தான். காய்கிற தயிரின்மேல் ஒரு காக்கை வந்து உட்கார, இருவரும் ஒன்றாகக் கையை வீசி விரட்டினார்கள்.

"நானா சொல்லமாட்டேன்" என்றாள் சந்திரம்மாள் கடைசியில். "கற்பூரத்துக்கு முன்னாடி கேட்டுட்டாங்கன்னா, என்னால பொய் சொல்ல முடியாதும்மா."

வினோதினி பஸ் ஏற்றிவிடக்கூட வரவில்லை.

பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையில் மாரியம்மன் கோயில் வாசலில் பாதைக் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். ராஜா தேங்காய், வெற்றிலை பாக்கு எல்லாம் தட்டில் வாங்கி வந்திருந்தான். பலராமன் கூட்டத்துக்குப் பின்னால், ஒரு வேப்பமரத்தோடு மரமாக நின்றார். கல்லின்மேல் கற்பூரத்தை ஏற்றினார்கள். காற்றில்லை. சுடர் நேராக நின்றது.

சந்திரம்மாள் ஈரப் புடவையோடு முன்னால் வந்தாள். "கன்னுக்குட்டி மார்க்குல கன்னுக்குட்டியோட வயிறு கெடையாது. எந்த மாமிசமும் கெடையாது. நான் சொல்றது பொய்யா இருந்தா..." என்று கையைத் தூக்கினாள்.

"ஒரு நிமிஷம்க்கா" என்றான் ராஜா. அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நாளைக்கு வருகிறவர்கள் தன்னைக் கேட்பார்களே என்றுதான் கேட்டான். "அப்ப அந்த சீஸ எதப் போட்டு ஒறைய வெக்கறாங்க? அதயும் சேத்து சொல்லிடுங்க."

தூக்கிய கை அப்படியே நின்றது. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சத்தில் சந்திரம்மாளின் கண்ணுக்கு மொட்டை மாடியும் வெள்ளை வேட்டிகளும்தான் தெரிந்தன. வாயைத் திறந்தாள்.

"அத நான் சொல்றேன்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வினோதினி வந்தாள். இடுப்பில் டின். காலை பஸ்ஸில் தகரத்தோடு தானும் ஏறி வந்திருக்கிறாள். டின்னைக் கல் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

"தகரம் எங்க வூட்டுது. சத்தியம் பண்றதா இருந்தா நான்தான் பண்ணணும். இதுல சீஸே கெடையாது."

டின் மூடியைத் திறந்து எல்லோருக்கும் காட்டினாள்.

"பாலு, தயிரு, நெய்யி. எல்லாம் எங்க தெரு மாட்டுது. அதுக்கு மேல எப்டி, எவ்ளோன்னு கேட்டீங்கன்னா சொல்லமாட்டேன். அது எங்க மாமனார் எனக்குக் குடுத்த பாகம்." அவள் சந்திரம்மாளைப் பார்த்தாள். "இன்னாக்கா பாத்துக்கினு நிக்கறீங்க? கற்பூரம் கரையுது."

இரண்டு கைகளும் ஒன்றாக விழுந்தன. யார் கை கீழே, யார் கை மேலே என்று கேட்டால் இரண்டு பேருமே தன் கைதான் கீழே என்பார்கள். இரண்டு பேருக்கும் உள்ளங்கை கருத்திருந்தது.

ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்ப இத்தினி நாளா எங்கள ஏமாத்துனீங்களா?"

"ஆமாண்டா" என்றாள் சந்திரம்மாள். "என்னயும் சேத்துத்தான் ஏமாத்துனாங்க."

முதலில் சிரித்தது கோயில் வாசலில் பூ விற்கிற மணிமொழி அம்மாள். "எனக்கு அந்த சீஸுன்ற பேரக் கேட்டாலே ஒமட்டும். அதனால இத்தினி வருஷம் வாயில வெக்கல. தயிர்னு மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? ஒண்ணு குடுங்க, பாப்போம்" என்றாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் என்று சொல்ல முடியாது. இரண்டு கடைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அவர்கள் கொக்கியில் வேறு சரக்கு ஏறிவிட்டது, இன்னும் இறங்கவில்லை.

அன்று முழுக்க வீட்டில் உட்கார்ந்து பொட்டலங்களில் "சீஸ்" என்ற எழுத்தின்மேல் காகிதம் ஒட்டினார்கள். பலராமனும் உட்கார்ந்தார். கொஞ்சம் ஒட்டிவிட்டு ஒன்றைத் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

"ஏமே, இப்ப இது 'கன்றுக்குட்டி மார்க் உருண்டை'ன்னு நிக்குதே. கன்னுக்குட்டியவே உருட்டிப் பொரிச்சோம்னு நெனைச்சுக்கப் போறாங்க."

தென்றல் பேனாவை எடுத்து, ஒட்டிய காகிதத்தின்மேல் "தயிர்" என்று எழுத ஆரம்பித்தாள். மறுநாள் பௌர்ணமிக் கூட்டத்தில் பெரியவர்கள் அதைப் படித்துப் பார்த்து வாங்கினார்கள். பிள்ளைகள் படிக்கவில்லை. கன்றுக்குட்டியைக் கை காட்டி, "சீஸ் உருண்டை வேணும்" என்று அழுதார்கள். அடுத்த லிங்கம் வரைக்கும் நடந்தார்கள்.

வினோதினி பௌர்ணமி முடிந்தும் சில நாள் ஊருக்குத் திரும்பவில்லை. பொரிக்கிற கொட்டகையில் வந்து நின்றாள். ரவை உள்ளே போவதையும், மறுபக்கம் உப்பிப் பட் பட்டென்று தெறித்து விழுவதையும் பார்த்தாள். கழுத்தை நீட்டி, சந்திரம்மாளின் காதருகே கத்தினாள்: "உள்ள இன்னாக்கா நடக்குது?"

"கேக்கறதுக்கு உனக்கு இத்தினி வருஷம் ஆச்சா?" என்று சந்திரம்மாளும் கத்தினாள். மிஷினை நிறுத்தி, மூடியைக் கழற்றிக் காட்டினாள்.

அந்த வாரமே தென்றல் தன் கடையிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் கொண்டுவந்தாள். பிரித்தால் மஞ்சளாக, விரலால் அமுக்கினால் பள்ளம் விழுகிற மாதிரி ஒரு துண்டு. "இதாம்மா சீஸு. பயப்படாத, இது வேறதப் போட்டு ஒறைய வெச்சது" என்றாள். அதை இரண்டாகக் கிள்ளி அம்மாவுக்கும் சித்திக்கும் கொடுத்தாள்.

வினோதினி வாயில் போட்டு மென்றாள். "உப்பு கம்மி" என்றாள். "சோப்பு தின்ற மாதிரி இருக்குது. இதுக்கா மாமா மெட்ராஸ் வரைக்கும் போனாரு?"

சந்திரம்மாள் கண்ணை மூடிக்கொண்டு மெல்லாமல் நாக்கிலேயே வைத்திருந்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. வாய்ச் சூட்டில் அது மெல்ல இளகியது. எங்கேயோ ரொம்ப தூரத்தில், யாரோ ஒருத்தர் வீட்டு அடுப்பில் வெண்ணெய் காய்கிற மாதிரி ஒரு வாசனை எழும்பி வந்தது.

"இருக்குதுடி" என்றாள். "அடியில இருக்குது. மாமா மூக்கு பொய் சொல்லல."

"எனக்குத் தெரியலியேக்கா."

"அவசரமா முழுங்கிட்ட." கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தாள். "தென்றல், இத யாரு பண்றா? ஆம்பளையா, பொம்பளையா? அந்தக் குடும்பத்துலயும் பால் ஒருத்தி வூட்ல, ஒறை ஒருத்தி வூட்லன்னு பிரிச்சு வெச்சிருப்பாங்களா?"

"எனக்கு எப்டிம்மா தெரியும்?"

"கேட்டுட்டு வாயேன்" என்றாள் சந்திரம்மாள்.